பின்சக்கரத்தில் பொரிகடலை

1. போன்

சனிக்கிழமை காலை ஒரு டாக்சியின் முன்சக்கரத்தைத் திருப்பும் டை ராடைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தேன். கை முழுக்க கிரீஸ். போன் அடித்தது. தண்டபாணிதான் எடுத்து என் காதில் வைத்தான். தண்டபாணி எங்கள் கடையில் டயர் கழற்றி மாட்டுகிறவன். அவனுக்கு நாற்பது வயது, வாய்க்கு மட்டும் அறுபது.

"மிசியே கோதண்டம், கார் சுத்திடுச்சு" என்றது போன். எலியான் மதாம் குரல். ஆண்கள் எல்லோரையும் பிரெஞ்சு மரியாதையோடு மிசியே என்றுதான் கூப்பிடுவார்.

"எங்க மதாம்? உங்களுக்கு ஒண்ணும் ஆவலையே?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. ரோட்டுல இல்ல, பிராக்டிஸ் கிரவுண்டுல. ரெண்டாவது வளைவுல பின்னாடி அப்படியே போயிடுச்சு. ரெண்டு சுத்து. கோன் மூணு பறந்துச்சு. தம்பி லூயி பாத்துட்டான்."

அந்த இடத்தில் ஒரு நல்ல தொழிலாளி சொல்ல வேண்டியது, "காரைக் கொண்டு வாங்க மதாம், பாக்கறேன்" என்பதுதான். நான் சொன்னது இது:

"வண்டியில ஒண்ணும் இருக்காது மதாம். வியாழக்கிழமதானே அலைன்மென்ட் செட் பண்ணேன்? பிரின்ட் உங்க கையில இருக்கு, பாருங்க, எல்லாம் பச்சை. ஓட்டறதுலதான் எங்கியோ தப்பு ஆயிருக்கும். வயசாவ ஆவ கை கொஞ்சம் லேட்டாத்தான் வேல செய்யும். எனக்கும்தான்."

மறுமுனையில் பிரின்ட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்படியா… மெர்சி, மிசியே" என்று நன்றி சொன்னார். போன் நின்றுவிட்டது.

"இன்னாவாம்ண்ணே?" என்றான் தண்டபாணி.

"வண்டி சுத்திடுச்சாம். ஓட்டத் தெரியாம ஓட்டிட்டு நம்ம தலையில கட்டப் பாக்கறாங்க."

இதைப் படிக்கிற இளைய தொழிலாளிகள் என்னைப் பற்றி முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. கடலூர் சாலையில், முதலியார்பேட்டையில், முப்பத்தோரு வருடமாக வீல் அலைன்மென்ட் பார்க்கிறேன். நூல் கட்டி அளந்த காலத்திலிருந்து கேமரா வைத்து அளக்கும் காலம் வரைக்கும் பார்த்துவிட்டேன். இந்த முப்பத்தோரு வருடத்தில் நான் ஒருமுறைகூடத் தப்பு செய்ததில்லை. செய்ததில்லை என்றால், ஒத்துக்கொண்டதில்லை. வண்டி இழுத்தால் ரோடு சாய்வு. டயர் ஒரு பக்கம் தேய்ந்தால் காற்று சரியில்லை. ஸ்டியரிங் ஆடினால் நகராட்சி. எதற்குமே பதில் இல்லாவிட்டால் டிரைவர். இந்த வரிசையை நான் தூக்கத்திலும் சொல்வேன்.

2. கட்டைவிரல் பாடம்

எலியான் மதாமைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு அறுபத்திரண்டு வயது. பிரான்சில் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, இங்கே பிரெஞ்சுக்காரர் காலத்துத் தெருக்களான ஒயிட் டவுனில் இருக்கும் குடும்ப வீட்டுக்கு வந்துவிட்டவர். அவருடன் ஒரு சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் காரும் கப்பலில் வந்தது. இரண்டே சீட், பின்சக்கரம் தள்ளுகிற வண்டி, தரையோடு தரையாக இருக்கும். அதற்குள் ஏறுவது பெரிய வேலை இல்லை. இறங்குவதற்குத்தான் இரண்டு பேர் வேண்டும். மதாம் மட்டும் புடவையோடு ஒரே மூச்சில் இறங்கிவிடுவார்.

இந்த ஊர் கார்க்காரர்கள் சிலர் சேர்ந்து வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் ஆட்டோகிராஸ் நடத்துகிறார்கள். ரேஸ் இல்லை. வரிசையாகக் கூம்புகளை வைத்து, ஒவ்வொரு காராக விட்டு, நேரம் பார்ப்பார்கள். கூம்பைத் தட்டினால் நேரம் கூடும். மதாம் அதில் தவறாமல் ஓட்டுவார். போன வருடம் ஈரத்தில் வண்டி சுற்றிவிட்டது. அவருடைய தம்பி லூயிக்கு அன்றைக்கே பிடித்தது பயம்.

லூயி மிசே (மிசியே எங்கள் வாயில் மிசே ஆகிவிடும்) பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் இவர்களை சொல்தா என்போம். மீசையும் நடையும் இன்னும் பட்டாளம்தான். அக்காவை உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். "இன்னொரு தடவ சுத்தினா சாவி என்கிட்ட வந்துடணும். அப்பால நீ அந்த காரத் தொடக் கூடாது." மதாமும் சரி என்று கை குலுக்கிவிட்டார். அந்தக் குடும்பத்தில் கை குலுக்கிவிட்டால் கையெழுத்துப் போட்டதற்கு மேல்.

அதனால்தான் இந்த வருடம் போட்டிக்குப் பத்து நாள் முன்பாக, அந்த வியாழக்கிழமை, என்னிடம் வந்து நின்றார்.

"மிசியே, பின்னாடி ஒழுங்கா நிக்கணும். முன்னாடி சொன்ன உடனே திரும்பணும். ரெண்டும் வேணும்."

"ரெண்டும் குடுத்துடலாம் மதாம்" என்றேன். அது ஒன்றும் வித்தை இல்லை. டோ தெரிந்தால் போதும்.

டோ என்றால் என்ன என்று கேட்கும் புதியவர்கள் எழுந்து நில்லுங்கள். இரண்டு பாதமும் நேராக இருக்கட்டும். இப்போது கால் கட்டைவிரல்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி பாதங்களை உள்ளே திருப்புங்கள். இது டோ-இன். வெளியே திருப்பினால் டோ-அவுட். வீட்டில் யாராவது பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டால் பதில் சொல்வது உங்கள் பாடு. சாதாரண வண்டிக்கு ரொம்பக் கொஞ்சம் டோ-இன் வைப்போம், நேராக ஓடும். ஸ்போர்ட்ஸ் காரில் கூம்பு சுற்ற வேண்டும் என்றால் முன்சக்கரத்துக்குக் கடுகளவு டோ-அவுட் வைப்போம். ஸ்டியரிங்கைத் தொட்டதும் மூக்கு திரும்பும். பின்சக்கரத்துக்குக் கட்டாயம் டோ-இன். அப்போதுதான் வால் அடங்கி வரும். பின்னால் மட்டும் தவறிப்போய் டோ-அவுட் ஆகிவிட்டால் வளைவில் வால் மூக்கை முந்தப் பார்க்கும். முந்திவிட்டால், நீங்கள் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

இன்னொன்று. இப்படிப்பட்ட வண்டிக்கு ஓட்டுகிறவர் எடையும் சீட்டில் இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஆள் ஏறினால் வண்டி இறங்கும், வண்டி இறங்கினால் டோ மாறும். அதனால் நான் தொழில்முறையில்தான் கேட்டேன்.

"மதாம், உங்க எடை எவ்ளோ?"

"ஓலாலா! ஒரு பொம்பளகிட்ட கேக்கிற கேள்வியா இது?"

"இல்ல மதாம், அந்த எடைக்கு அரிசி மூட்டை வெப்போம் சீட்டுல."

"என் எடத்துல அரிசி மூட்டையா?"

தண்டபாணி டயருக்குப் பின்னால் போய் நின்று குலுங்கினான். மதாம் மூட்டைக்குப் பதிலாகத் தானே காரில் ஏறி, பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எடை கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாது.

பின்னால் மொத்தம் மூன்று மில்லிமீட்டர் டோ-இன், முன்னால் ஒரு மில்லிமீட்டர் டோ-அவுட். திரையில் எல்லாம் பச்சை. பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு, டெஸ்ட் டிரைவுக்கு எடுத்துக்கொண்டு கடலூர் சாலையில் போனேன். வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் மட்டும் இடது பக்கம் சற்றே சாய்ந்து நின்றது. சரியாகச் செட் செய்த வண்டியில் அப்படி நிற்கக் கூடாது. எனக்கு அது தெரியும். ஆனால் பசி நேரம். "ரோடு சாய்வு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

3. மீன் வண்டிக்காரர் கொண்டுவந்த சந்தேகம்

மதாமின் போன் வந்த சனிக்கிழமையை நான் சுலபமாக மறந்துவிட்டேன். திங்கட்கிழமை மாரி வந்தார். அவர் கடற்கரைக் கிராமத்திலிருந்து பெரிய மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றிவரும் சின்ன வேன் வைத்திருக்கிறவர். வெள்ளிக்கிழமை எங்களிடம் அலைன்மென்ட் பார்த்துக்கொண்டு போயிருந்தார். வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"இன்னாண்ணே பண்ணி வெச்சீங்க? ஸ்டியரிங்க நேரா புடிச்சா வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டுல போவுது!"

"ரோடு சாய்வா இருக்கும் மாரி."

"வீட்டுலேந்து மார்க்கெட்டு வரைக்குமா சாஞ்சு கெடக்கு? வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி நேராத்தான இருந்துச்சு!"

அவர் குரல் மார்க்கெட்டில் ஏலம் கேட்டுப் பழகிய குரல். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மானம் போகாமல் இருக்க வண்டியை அளக்கும் மேடையில், அதாவது ராம்ப்பில், ஏற்றினேன்.

அளந்தேன். வெள்ளிக்கிழமைப் பிரின்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முன்சக்கரக் கணக்கு மாறியிருந்தால் டை ராட் நழுவியது என்று சொல்லலாம். மாறியிருந்தது பின்சக்கரக் கணக்கு. அந்த வேனுக்குப் பின்னால் இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒற்றை ஆக்ஸில். அதில் டோ மாற்றுவதற்குப் போல்ட்டே கிடையாது. யாரும் தொட முடியாத ஒன்று வெள்ளிக்கிழமை ஒரு எண்ணும் திங்கட்கிழமை இன்னொரு எண்ணும் காட்டியது. திரும்ப இறக்கி ஏற்றி அளந்தேன். மூன்றாவதாக ஒரு எண் வந்தது.

இதற்கு டிரைவர் மேல் பழி போட வழியில்லை. வண்டி நின்றுகொண்டிருந்தது.

"தண்டபாணி, பின்னாடி அமுக்கி ஆட்டுடா" என்றேன்.

புதியவர்களுக்காக: வண்டி நிற்கும் பின்சக்கரங்களுக்குக் கீழே இரண்டு ஸ்லிப் பிளேட் இருக்கும். உருளைகள் மேல் வழுக்குகிற இரும்புத் தட்டுகள். வண்டியை அமுக்கி ஆட்டினால் சக்கரம் தன் இயல்பான இடத்துக்கு நகரும், தட்டும் அதனுடன் நகர்ந்து கொடுக்கும். தட்டு நகராவிட்டால் சக்கரம் முறுக்கிக்கொண்டு நிற்கும், கம்ப்யூட்டர் அந்த முறுக்கைத்தான் அளக்கும். தண்டபாணி அமுக்கினான். வலது தட்டு வழுக்கியது. இடது தட்டு அசையவே இல்லை.

வண்டியை இறக்கிவிட்டு இடது தட்டைக் கழற்றினோம். அதாவது, கழற்றப் பார்த்தோம். வரவில்லை. டயர் லீவர் போட்டு நெம்பியதும் சப்பென்று ஒரு சத்தத்தோடு வந்தது. அடியில், உருளைகளுக்கு நடுவில், பழுப்பு நிறத்தில் பாறை மாதிரி ஒன்று இறுகியிருந்தது. தண்டபாணி நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தான்.

"அண்ணே… பொட்டுக்கடல வாசன வருது."

நான் ராம்ப் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆயுத பூஜை முந்தின வாரம் செவ்வாய்க்கிழமைதான் போயிருந்தது. ராம்ப்புக்கு மாலை, மெஷினுக்குச் சந்தனம், எல்லாம் நான்தான். முதலாளி படையலைத் தரையில் வைக்கப் போனார். "சாமிக்குப் போடறத கீழயா வெப்பாங்க?" என்று அவரையே அதட்டி, இலையை எடுத்து ஸ்லிப் பிளேட் மேல் விரித்தவனும் நான்தான். தட்டு என்று பெயரே இருக்கிறது, மட்டமாகவும் இருக்கிறது, இதைவிட வேறு என்ன வேண்டும்? அதில் பொரி, கடலை, வெல்லம் எல்லாம் மலை மாதிரி குவித்தேன். மறுநாள் காலை சிதறிக் கிடந்ததைக் கூட்டச் சோம்பல்பட்டு, கம்ப்ரஸரைப் போட்டு ஏர் கன்னால் ஊதினேன். பொரி பறந்தது. கடலையும் வெல்லமும் எங்கே போயின என்று நான் குனிந்து பார்க்கவில்லை. தட்டுக்கு அடியில் போயிருக்கின்றன. மதிய வெயிலில் வெல்லம் உருகி, மேலே ஏறிய கார்களின் எடையில் கடலை மாவாகி, கிரீஸோடு சேர்ந்து கெட்டிப்பட்டுவிட்டது. அடுத்த நாள் வியாழக்கிழமை. மதாம் வந்தார்.

"பிரசாதம்ண்ணே. கண்ணுல ஒத்திக்குங்க" என்றான் தண்டபாணி.

"வாய மூடுடா" என்றேன். அவன் மூடவில்லை. மாரிக்கு விவரமாகச் சொல்லி, இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வாரம் பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிய எல்லோருக்கும் இந்தக் கதை இலவசமாகக் கிடைத்திருக்கும்.

நான் சிரிக்கவில்லை. பூஜைக்குப் பிறகு அந்த ராம்ப்பில் ஏறிய வண்டிகளின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். பெரும்பாலும் ஸ்டியரிங் சாய்வுதான், சரி செய்துவிடலாம். ஆனால் சிவப்புக் காருக்குப் பின்சக்கர டோவை நானே போல்ட்டைத் திருப்பி, அந்த ஒட்டிக்கொண்ட தட்டின் மேல் வைத்து, மாற்றியிருந்தேன். திரையில் டோ-இன் காட்டியது ரோட்டில் இறங்கியதும் டோ-அவுட் ஆகியிருக்கும். வால் மூக்கை முந்தத்தான் செய்யும். அது மதாம் கையின் குற்றம் இல்லை.

மதாமுக்கு மட்டும் நான் போன் செய்யவில்லை. விரல் அந்தப் பெயரைத் தொடவே மாட்டேன் என்றது.

4. வெள்ளைச் சுவர் வீடு

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மதாம் வீட்டுக்கு நேரில் போனேன். தண்டபாணி பைக்கின் பின்னால், மடியில் ஸ்லிப் பிளேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தான். சாட்சிக்கு வேண்டும் என்று கழுவாமல் அப்படியே எடுத்து வந்திருந்தோம்.

கதவைத் திறந்தது லூயி மிசே. அவர் சட்டைப் பையில் காரின் சாவி தெரிந்தது.

"இன்னா இது கோதண்டம்?"

"பின்சக்கரத்துக்குக் கீழ வெக்கிற பிளேட்டு மிசே. இதுல கடல புகுந்து ஒட்டிக்கிச்சு. அதனால அளவு தப்பாயிடுச்சு. கார் சுத்துனது அக்காவால இல்ல."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டைக் கவிழ்த்துப் பார்த்தார். முகர்ந்தார். மீசைக்கு அடியில் சிரிப்பு கிளம்பி, அடக்க முடியாமல் வெடித்தது. "நான் எத்தனையோ வண்டி ரிப்பேர் பாத்துருக்கேன். பட்டாளத்துல மண்ணு போயி நின்னுருக்கு, தண்ணி போயி நின்னுருக்கு. பொட்டுக்கடல போயி இன்னைக்குத்தான் பாக்கறேன்! அப்ப தப்பு யாரு மேல?"

"கடல மேல மிசே" என்றேன்.

கவனியுங்கள். அந்த இடத்தில்கூட நான் என் பெயரைச் சொல்லவில்லை.

லூயி மிசே நல்ல மனிதர். நேராக உள்ளே போய்ச் சாவியை மேஜை மேல் வைத்தார். "அக்கா, எடுத்துக்க. ஒன் தப்பு இல்லியாம்."

மதாம் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாவியைப் பார்த்தார், எடுக்கவில்லை.

"வேணாம் லூயி. ஒன்கிட்டயே இருக்கட்டும். கடலையோ இன்னாவோ, எனக்கே தெரியுது, என் கை மெதுவாத்தான் ஆயிடுச்சு. மிசியே கோதண்டமே போன்ல சொன்னாரே. அவரு முப்பது வருஷமா எத்தன டிரைவர் பாத்துருப்பாரு!"

 லூயி மிசே சாவியை அவரிடமிருந்து வாங்கவே இல்லை, மதாமே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரு நொடி வாயைத் திறந்தேன். தண்டபாணி பக்கத்தில் நிற்கிறான், லூயி மிசே பார்க்கிறார், வாய் தானாக மூடிக்கொண்டது.

"நாளைக்குக் காரைக் கொண்டு வாங்க மதாம், மறுபடி சரியா பாத்துடறேன்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காரை ஓட்டிவந்தது லூயி மிசே. எடைக்காக மதாம் ஆட்டோவில் வந்து சீட்டில் உட்கார்ந்தார். இந்த முறை புத்தகம் கொண்டுவரவில்லை. சுத்தம் செய்த தட்டில் முதலில் அளந்து பார்த்தேன். இடது பின்சக்கரம் இரண்டு மில்லிமீட்டர் டோ-அவுட்டில் நின்றது. சரி செய்து, இறக்கி, ஆட்டி, மறுபடி அளந்து, இன்னொருமுறை இறக்கி, இன்னொருமுறை அளந்தேன். டெஸ்ட் டிரைவில் ஸ்டியரிங் நேராக நின்றது. அதே கடலூர் சாலைதான், சாய்வு எங்கேயோ போய்விட்டது.

"சனிக்கிழம பிராக்டிஸ் இருக்கு" என்றார் லூயி மிசே. "ஒரு தடவ ஓட்டிப் பாருக்கா. எனக்காக. கோதண்டம் பக்கத்துல ஒக்காந்து வரட்டும். அவரு வெச்ச டோ, அவரே அனுபவிக்கட்டும்."

5. இரண்டாவது வளைவு

ஸ்போர்ட்ஸ் காருக்கு டோ வைத்திருக்கிறேனே தவிர, ஸ்போர்ட்ஸ் காரில் கூம்பு சுற்றியதில்லை. சனிக்கிழமை காலை என்னைப் பக்கத்து சீட்டுக்குள் மடித்து வைத்தார்கள். முழங்கால் மோவாயைத் தொட்டது. தலையில் ஹெல்மெட். தண்டபாணி போனில் போட்டோ எடுத்தான். அதை இன்னும் அழிக்க மாட்டேன் என்கிறான்.

முதல் சுற்று. கிளம்பினோம். முதல் வளைவு வரைக்கும் அருமை. மூக்கு சொன்ன இடத்தில் திரும்பியது. இரண்டாவது வளைவு நெருங்கியதும் மதாமின் கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு எழுந்துவிட்டது. கார் நகராட்சிக் குப்பை வண்டி வேகத்தில் அதைச் சுற்றி வந்தது. லூயி மிசே ஸ்டாப் வாட்சைப் பார்த்துவிட்டு, அக்காவுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று கட்டைவிரலை உயர்த்தினார்.

இரண்டாவது சுற்று இன்னும் மெதுவாக இருந்தது.

எனக்கு வண்டி தெரியும். சீட்டுக்கு அடியில் அது என்ன செய்கிறது என்று முதுகுக்குத் தெரியும். பின்சக்கரங்கள் தரையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொடு என்று கேட்டுக்கொண்டிருந்தன. செட்டிங்கில் குறை இல்லை. மதாம் மைதானத்தின் ஓரமாகக் காரை நிறுத்தினார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துப் பார்த்தார்.

"பாத்தீங்களா மிசியே? கார் சரியாத்தான் இருக்கு. நான்தான் இல்ல. நாளைக்கு ஓட்ட வேணாம். லூயிகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

வேறு யாரும் இல்லை, ஹெல்மெட்டுக்குள் நானும் என் மூச்சும்தான். இப்போதும் வாயை மூடிக்கொண்டால் அந்த அம்மாள் இனிமேல் அந்த சீட்டில் உட்கார மாட்டார். கடலையைக் கழுவிவிட்டோம், டோவைத் திருப்பிவிட்டோம். நான் போனில் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் அவர் கைக்குள் அப்படியே கிடந்தது.

"மதாம், ஒண்ணு சொல்லணும். மொத நாளு டெஸ்ட் டிரைவ் போனப்பவே ஸ்டியரிங் சாஞ்சிருந்துச்சு. பாத்தேன். பசிக்குதேன்னு விட்டுட்டேன். நீங்க போன் பண்ணப்ப அது எனக்கு ஞாபகம் வந்துச்சு. வந்தும்தான், ஓட்டறதுல தப்பு, வயசு, கை லேட்டுன்னு சொன்னேன். உங்க கையப் பத்தி எனக்கு இன்னா தெரியும்? நீங்க ஓட்டி நான் பாத்ததே இல்ல. எங்க என் பேரு கெட்டுப் போயிடுமோன்னு வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். படையல அந்த பிளேட்டு மேல வெச்சதும் நான்தான், ஊதினதும் நான்தான். கடல மேல தப்பு இல்ல. என் மேலதான்."

மதாம் திரும்பி என்னைப் பார்த்தார்.  கண் கலங்கியிருந்தது. அது கோபமா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. என் கண்ணும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

"ஒரு வாரமா என் கையப் பாத்துக்கிட்டு இருக்கேன் மிசியே. காபி கப்பப் புடிக்கும்போது கூட ஆடுதான்னு பாத்துட்டு இருக்கேன்."

"மன்னிச்சுடுங்க மதாம்."

"முப்பது வருஷம் பசங்களுக்குக் கணக்கு சொல்லிக்குடுத்தேன். நான் தப்பா போட்டா மறுநாளே போர்டுல எல்லார் முன்னாடியும் எழுதி, தப்புன்னு சொல்லி அழிப்பேன். நீங்க ஒரு வாரம் எடுத்துக்கிட்டீங்க."

"ஆமா மதாம்."

"பொன்… சரி. பெல்ட்ட இறுக்குங்க."

"இறுக்கித்தான் இருக்கு மதாம்."

"இன்னும் இறுக்குங்க."

மூன்றாவது சுற்றை நான் முழுதாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. முதல் வளைவில் கண்ணைத் திறந்திருந்தேன். இரண்டாவது வளைவு வந்தபோது அந்தக் கால் எழவில்லை. இன்னும் கீழே போனது. மூக்கு உள்ளே பாய, வால் அப்படியே அடங்கி வந்தது, மைதானம் மட்டும் பக்கவாட்டில் ஓடியது. நான் முருகனைக் கூப்பிட்டேன், வேளாங்கண்ணி மாதாவைக் கூப்பிட்டேன், கடைசியில் என் மனைவியைக் கூப்பிட்டேன். மதாம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். ஒரு கூம்பும் விழவில்லை.

லூயி மிசே ஸ்டாப் வாட்சைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். என்னைக் காரிலிருந்து உருவி எடுத்தபோது கால் இரண்டும் டோ-இன்னில் நின்றன.

6. கற்றது

ஞாயிற்றுக்கிழமை மதாம் மூன்றாவதாக வந்தார். முதல் இரண்டு பேருக்கும் அவர் மகன் வயதுதான் இருக்கும். மூன்றாவதாக வந்ததில் அவருக்குத் திருப்தி இல்லை. முன்னால் இன்னும் அரை மில்லிமீட்டர் டோ-அவுட் வைத்திருந்தால் கிடைத்திருக்கும் என்று என்னிடம் வாதாடினார். டயர் உள்பக்கம் தேய்ந்துவிடும் மதாம் என்றேன். அதுக்கு நீங்க கவலப்பட வேண்டியதில்ல என்றார். லூயி மிசே நடுவில் வந்து, அடுத்த வருடமும் இதே நிபந்தனைதான் என்று பட்டாளக் குரலில் அறிவித்தார். அக்கா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை, சாவி அக்கா கையில் இருந்தது.

இப்போது தொழிலுக்கு வந்திருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்லிப் பிளேட்டைத் தினமும் காலையில் கையால் தள்ளிப் பாருங்கள். ஏர் கன்னால் எதையும் ஊதாதீர்கள், துடைப்பம் எதற்கு இருக்கிறது? ஸ்டியரிங் சாய்ந்தால் ரோட்டைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் ராம்ப்பைப் பாருங்கள். பசியோடு டெஸ்ட் டிரைவ் போகாதீர்கள்.

இவற்றையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, வண்டி திரும்பி வரும், திருத்திக்கொள்ளலாம். பின்சக்கரம் இரண்டு மில்லிமீட்டர் வெளியே திரும்பிப் போனதைத் திருப்ப எனக்கு ஒரு ஸ்பானரும் அரை மணி நேரமும் போதுமானதாக இருந்தது. ஓட்டுகிறவரிடம் உங்கள் கையில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டால் அதைத் திருப்ப எந்த வண்டியிலும் ஒரு போல்ட்டும் கிடையாது. நம்மிடம் வருகிறவர்கள் நாம் சொல்வதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். போன் வந்தால் இப்போதெல்லாம் நான் முதலில் சொல்வது, "காரைக் கொண்டு வாங்க, என் தப்பான்னு பாத்துடறேன்." இதைச் சொல்லப் பழக எனக்கு முப்பத்தோரு வருடமும் ஒரு ஹெல்மெட்டும் தேவைப்பட்டன.